கேட்காமல் கொடுத்த மணி

கோபுரப் படியில் பாதி வழியில் அந்த மனிதர் நின்று மூச்சு வாங்கினார். நான் மேலே கோயில் சாவிகள் கோத்த திறப்புக் கொத்தோடு காத்து நின்றேன். வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். நல்ல கம்பளிக் கோட், துடைத்து மினுக்கிய சப்பாத்து. கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்த கையில் நடுக்கம் இல்லை. மூச்சு மட்டும்தான் அவரோடு ஒத்துழைக்கவில்லை.

"ஆறுதலா வாங்கோ. மணி எங்கயும் ஓடிப்போகாது," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓடிப்போகத்தான் வேணும். அதுக்குத்தான் வந்தனான்," என்றார்.

(டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், நடந்த பேச்சையெல்லாம் எங்கட தமிழிலேயே எழுதுகிறேன். உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி.)

மேலே எண்ணெய் வாசமும் புறா வாசமும் கலந்து அடித்தது. எங்கள் கோபுரத்தில் மூன்று மணிகள். பெரியது ஞாயிறு பூசைக்கு, சின்னது ஞானஸ்நானத்துக்கு. நடு மணி மத்தியானம் பன்னிரண்டுக்கும், யாராவது செத்தாலும் அடிக்கும். அவர் நேரே நடு மணியிடம் போனார். அதன் தோளில் வார்த்திருந்த எழுத்தை விரலால் தடவி ஓர் ஊரின் பெயரை வாசித்தார். கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்கவில்லை. பொக்கற்றிலிருந்து வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்து, விளிம்பில் காய்ந்திருந்த புறா எச்சத்தைத் துடைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "வெள்ளிக்கிழமைதான் துடைச்சனான். புறா என்னட்டக் கேட்டிட்டே வந்து குந்துது?" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கேயோ கண்டிருக்கிறேனே என்று யோசித்தேன். கீழே இறங்கும்போதுதான் பிடிபட்டது. அது எங்கள் ஹெட்விக் அக்காவின் சிரிப்பு.

பெண் பிள்ளைக்கு என்ன மணி வேலை

இந்தத் தொடரைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் டோர்ட்மண்டில் ஒரு கத்தோலிக்கக் கோயிலைத் திறக்கிறவள், பூட்டுகிறவள், மெழுகுதிரி மாற்றுகிறவள், மணிக்குப் பொறுப்பானவள். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் எங்கள் ஊரில் இந்த வேலை செய்கிறவரைச் சங்கிலித்தாம் என்போம். அது ஆம்பிளைகளின் வேலை. "பொம்பிளைப் பிள்ளை கோபுரம் ஏறுதாம்" என்று தெரிந்தால் என் ஐயா மூன்று நாள் சாப்பிட்டிருக்க மாட்டார். நல்லவேளை, இங்கே கோபுரத்துக்கு மோட்டார் வந்துவிட்டது. பொத்தானை அமத்தினால் மணி தானாக ஆடும்.

இந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவர் ஹெட்விக் அக்கா. அகதி முகாமிலிருந்து வந்து, டொச் அரைகுறையாக, கோயிலுக்குள் கடைசி வரிசை வாங்கில் இருந்து அழுதுகொண்டிருந்த என்னிடம் வந்து, "அழுது முடிஞ்சால் இந்தத் துணியை அயர்ன் பண்ணித் தாறியோ பிள்ளை?" என்று பீடத் துணியை நீட்டிய மனிசி. அன்றிலிருந்து துணியும் அயர்னும் என் கைக்கு வந்துவிட்டன. சில வருடங்களில் திறப்புக் கொத்தும் வந்தது.

நான் அவரை அக்கா என்று கூப்பிட, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். "எனக்கு ஏற்கனவே ஒரு தம்பி இருக்கிறான். அந்தத் தலையிடி காணும்," என்றார். ஆனால் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்தத் தம்பிதான் கோபுரம் ஏறி வந்தவர். ரைன்ஹோல்ட். ஓய்வு பெற்ற ராஜதந்திரி. போலந்தில் ஜெர்மனியின் தூதுவராக இருந்தவர்.

கரண்டி விழுந்த கதை

மணியின் கதையைச் சொல்லாமல் மேலே போக ஏலாது.

இரண்டாம் உலக யுத்தத்தில் கோயில் கோயிலாக மணிகளைக் கழற்றி உருக்கினார்கள், பீரங்கிக்குச் செம்பு வேண்டும் என்று. உருக்கி முடிக்க முதல் யுத்தம் முடிந்தது. மிஞ்சிய மணிகள் ஒரு துறைமுகத்தில் குவிந்து கிடந்தன. அவற்றின் ஊர்கள் பல அதற்குள் போலந்துக்குப் போய்விட்டன. அங்கே இருந்த ஜெர்மன் சனத்தை வெளியேற்றியாகிவிட்டது. மணிகளை என்ன செய்வது? மணியில்லாத மேற்குப் பக்கக் கோயில்களுக்கு இரவலாகக் கொடுத்தார்கள். அப்படி வந்ததுதான் எங்கள் நடு மணி. சிலேசியா என்ற பகுதியில் ஒரு சின்னக் கிராமத்தின் மணி, யுத்தத்தின் கடைசிப் பகுதியில் கழற்றியது.

ஹெட்விக் அக்கா பிறந்த கிராமம் அதுதான். பத்து வயதில் தாயோடும் ஆறு வயதுத் தம்பியோடும் கைவண்டி தள்ளிக்கொண்டு வெளியேறினவர். பிறகு வளர்ந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த ஒருவரைக் கட்டி டோர்ட்மண்டுக்கு வந்தார். வந்த முதல் கிழமை, புது வீட்டுக் குசினியில் சூப் கிண்டிக்கொண்டிருந்தபோது மத்தியான மணி அடித்தது. கையிலிருந்த கரண்டி நிலத்தில் விழுந்துவிட்டது. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கோயிலுக்கு ஓடி, மேலே ஏறிப் பார்க்க விடு என்று அன்றைய சங்கிலித்தாமோடு சண்டை பிடித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவை விட்டு அவர் வேறு வீட்டுக்குப் போகவே இல்லை. நல்ல வீடுகள் கிடைத்தன. பிள்ளைகள் கெஞ்சினார்கள். "அங்க மணி கேளாது," என்பார். தன் சாவுக்கு அந்த மணிதான் அடிக்க வேண்டும் என்று எங்கள் பங்குச் சுவாமியாரிடம் வருடத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துவார். என்னிடம் கிழமைக்கு ஒருமுறை.

அந்த மணியைத்தான் தம்பி திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்.

சண்டைக்காரன் இல்லாத சண்டைக்காரர்

ஒரு ராஜதந்திரி என்றால் எனக்கு ஒரு படம் இருந்தது. வாயில் தேன், சட்டைக்குள் கத்தி. இந்த மனிதர் அப்படியில்லை. பேச்சு குறைவு. கோப்பி தந்தால் இரண்டு கையாலும் வாங்குவார். இங்கே நான் சந்திக்கிற டொச்காரரில் பாதிப்பேர், "ஸ்ரீலங்காவோ! நல்ல கடற்கரை!" என்று தொடங்குவார்கள். இவரும் ராஜதந்திரியாயிற்றே, கொழும்பிலாவது இருந்திருப்பார் என்று நினைத்துக் கேட்டேன்.

"இல்லை. ஒருநாளும் வந்ததில்லை. நீங்கள் சொல்லுங்கோ, கேக்கிறன்," என்றார்.

நான் சொன்னேன். இடம்பெயர்ந்து போய், வருடங்கள் கழித்து எங்கள் சனம் திரும்பி வந்தபோது கோயிலுக்குக் கூரையும் இல்லை, மணியும் இல்லை. யார் எடுத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "ஆரும் திருப்பிக் கொண்டு வந்தவையோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கோப்பியைக் குடித்தார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அவருடைய வேலைக் காலத்துக் கதைகள் பல்லுப் பிடுங்குகிற மாதிரி இழுத்தால்தான் வரும். பேச்சுவார்த்தைகளில் ஜெர்மன் பக்கத்து அதிகாரிகள் இந்த மணிகளைத் துருப்புச்சீட்டாக வைத்திருக்க விரும்பினார்களாம். யுத்தத்தில் அங்கே போய்ச் சேர்ந்த எங்கள் பழைய ஓவியங்களைப் போலந்து தரட்டும், நாங்கள் மணிகளைத் தருகிறோம் என்று. இவர் மேசையிலேயே சொல்லிவிட்டார்: "மணியை வைச்சுப் பேரம் பேச ஏலாது. அவையின்ர எண்டால் குடுக்கவேணும். அவை என்ன தருவினம் எண்டு கேக்கிறது எங்கட வேலை இல்லை." மேலிடம் முகம் சுளித்தது. அடுத்த மாற்றலில் எங்கேயோ வெகுதூரத்துக்கு அனுப்பினார்கள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்ல வெயில்," என்றார்.

ஆனால் போலந்துக்காரர் அதை மறக்கவில்லை. சில வருடம் கழித்து, அரசாங்கம் மாறி, ஜெர்மனியிலிருந்து யாரை அனுப்பினால் கதைக்கலாம் என்ற கேள்வி வந்தபோது, அவர்கள்தான் இவருடைய பெயரைச் சொன்னார்களாம். அப்படித்தான் தூதுவரானார். இரண்டு நாட்டுப் பேப்பரும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்த காலத்திலும் இவருடைய தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்ல அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஒரு மனிதனின் பிடிவாதத்துக்கு இவ்வளவு பெறுமதி இருக்கிறது.

தலையணையும் ஏப்ரனும்

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? ஒருநாள் கோயில் முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

யுத்தம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்கு ஒரு போலந்துக் குடும்பத்தைக் கொண்டுவந்து விட்டார்களாம். அந்தப் பெண்ணும் தன் ஊரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவள்தான், இன்னும் கிழக்கே இருந்து. சில மாதம் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்தார்கள். பிறகு ஒருநாள் காலை இவர்களை வெளியேறச் சொன்னார்கள். கைவண்டி தெருமுனை திரும்பும் நேரம், அந்தப் பெண் பின்னால் ஓடி வந்தாள். கையில் ஆறு வயது ரைன்ஹோல்டின் தலையணை. வண்டியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டாள்.

"நாங்கள் கேக்கேல்லை. அவளுக்குத் தலையணை தேவையில்லாமலும் இல்லை. அவளுக்கும் பிள்ளை இருந்தது," என்றார். "நோகாமல் குடுக்கிறது குடுக்கிறதே இல்லை எண்டு அண்டைக்குத்தான் படிச்சன்."

அதே கதையை நான் ஹெட்விக் அக்காவிடம் கேட்டேன். அவருக்குத் தலையணை ஞாபகம் இருந்தது. ஆனால் முதலில் சொன்னது வேறு.

"ஓடி வந்தவள் என்ன போட்டிருந்தவள் தெரியுமோ? எங்கட அம்மாவின்ர ஏப்ரன். நீலத்தில வெள்ளைப் புள்ளி. அம்மா நிண்டு பார்த்தவ. ஒண்டும் சொல்லேல்லை. நான் பார்த்தன், பிள்ளை. அவன் சின்னன், தலையணையைத்தான் பார்த்தவன்."

ஒரே தெரு, ஒரே காலை, ஒரே பெண். தம்பி ஒன்றைப் பார்த்தார், அக்கா இன்னொன்றைப் பார்த்தார். ஒருவர் அதைக் கொண்டுபோய் இரண்டு நாட்டுக்கு நடுவில் வைத்தார். மற்றவர் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எங்கள் தெருவிலேயே இருந்துவிட்டார். யாரைப் பிழை சொல்லுவது? எனக்கு இரண்டு பேரிலும் கோபம் வரவில்லை.

"எனக்கு ஆர் அடிப்பினம்?"

பங்கு மக்கள் கூட்டம் கூட்டினார்கள். மணி இரவல் என்றாலும் கோயில் சம்மதிக்காமல் இறக்க முடியாது. அரசு அலுவலகத்திலிருந்து வந்தவர் இனிப்பாக ஒரு யோசனை சொன்னார். பழைய மணி இங்கேயே இருக்கட்டும், அதே அளவில் புதிதாக ஒன்று வார்த்து அந்தக் கிராமத்துக்குக் கொடுப்போம். யாருக்கும் நட்டமில்லை. சனம் கைதட்டியது. எங்கள் சுவாமியாரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ரைன்ஹோல்ட் எழும்பினார். "பழசை வைச்சுக்கொண்டு புதுசைக் குடுத்தால் அது பரிசு. நான் பரிசு குடுக்கச் சொல்லேல்லை. அவையின்ர பொருளை அவையிட்டக் குடுக்கச் சொல்லுறன்."

பின்வரிசையில் ஒருவர் கத்தினார். "இப்ப அங்க இருக்கிற சனம் அந்த மணியை ஒருநாளும் கேட்டதில்லை. அவையும் வேற இடத்தால வந்தவை!"

"கோயில் அங்கதானே நிக்குது," என்றார் இவர்.

அப்போது ஹெட்விக் அக்கா எழும்பினார். முன் வாங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பியைப் பார்த்து, கூட்டத்தைப் பார்க்காமல், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எனக்கு ஆர் அடிப்பினம்?"

நாடு நாடாகப் பேசித் தீர்த்த மனிதர் கையில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிவைத் தள்ளிப்போட்டார்கள். அக்கா வீட்டுக்கு நடந்து போனார். அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் இருவரும் தொலைபேசியில் கதைக்கும் வழக்கம் நின்றுபோனது.

எனக்குத்தான் கரைச்சல். அவர் பெர்லினில் இருந்து எனக்கு ஃபோன் எடுப்பார்: "அக்கா மருந்து குடிக்கிறாவோ?" நான் அக்காவிடம் கேட்பேன். "குடிக்கிறன் எண்டு சொல்லு. ஆனால் நான் சொன்னதெண்டு சொல்லாதை." நான் என்ன தபால்காரியா? வீட்டில் என் கணவர் சேவியர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்.

"உமக்குச் சம்பளத்தோட தூதுவர் வேலை கிடைச்சிருக்குது, ஜெசி," என்பார்.

யாரோ ஒருவருடைய கோட்

அந்தக் குளிர்காலம் முழுதும் அக்கா மணியைப் பற்றிக் கதைக்கவே இல்லை. ஒருநாள் பீடத் துணி மடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று, "அந்த ஏப்ரனை அவள் கழட்டிப்போட்டாவது வந்திருக்கலாம்," என்றார். எழுபது வருடத்துக்கு முந்திய கோபம், நேற்று நடந்ததுபோல.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது, துணியைப் போட்டுவிட்டுக் கதைக்கத் தொடங்கினேன். நல்லதைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. எரிச்சல்தான்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிருக்கு எனக்குக் கோட் இல்லை. முகாமில் பழைய உடுப்புக் குவியலில் ஒரு பச்சைக் கோட் தந்தார்கள். நல்ல பாரம், நல்ல துணி. அதைப் போட்டுக்கொண்டு ட்ராமில் போனேன். எதிரே இருந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்து, கண்ணீர் வழியத் தொடங்கியது. இறங்கும்போது கிட்ட வந்து கோட்டின் கையைத் தொட்டாள். "இது என்ர அம்மாவின்ர," என்றாள். அப்போது எனக்கு அந்தளவு டொச் புரிந்தது. கழற்றிக் கொடுக்கலாம் என்று பொத்தானில் கை வைத்தேன். வெளியே பனி. அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

"நான் என்ன செய்ய, அக்கா? எனக்கு வேற கோட் இல்லை. ஆரின்ரயோ எண்டு தெரிஞ்சுதான் போட்டனான். ஒவ்வொரு நாளும் வெக்கத்தோடதான் போட்டனான்."

அக்கா மடித்த துணியை மறுபடி விரித்து, மறுபடி மடித்தார்.

"சூடா இருந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம். நல்ல சூடு."

"ம்," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்தில் கொடுப்பதற்குச் சம்மதமா என்று சுவாமியார் கேட்டபோது, முதலில் உயர்ந்த கை ஹெட்விக் அக்காவுடையது. அந்தக் கையைப் பார்த்த பிறகு மற்றவர்கள் எப்படி உயர்த்தாமல் இருப்பது? ரைன்ஹோல்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே வந்ததும் அக்காவிடம் போய் நின்றார்.

"கை தூக்கினது மணிக்கு. உனக்கில்லை," என்று சொல்லிவிட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பொம்பிளை அனுப்பின மாதிரி

மணியை இறக்குகிற நாள் வந்தது. டொச்காரரின் ஏற்பாடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாரந்தூக்கி, ஹெல்மெற், கையெழுத்து, முடிந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. எத்தனை வருடம் என் கையால் துடைத்த மணி. கலியாணப் பொம்பிளையை அனுப்புகிற மாதிரி அல்லவா அனுப்ப வேண்டும்?

முதல்நாள் எங்கள் தமிழ்க் கடைக்குப் போய் ஒரு பெரிய மாலை வேண்டும் என்றேன்.

"கலியாணமோ அக்கா?"

"மணிக்கு."

"ஆர் மணி? மாப்பிள்ளையோ?"

"கோயில் மணி அப்பா, கோயில் மணி!"

செவ்வந்தியும் றோசாவும் கட்டிய மாலை வந்தது. பாரந்தூக்கி மணியை முற்றத்தில் வைத்ததும் நான் போய் அதன் கழுத்தில் போட்டேன். ஹெல்மெற் போட்ட பெடியள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். பயற்றம் உருண்டையும் முறுக்கும் ஒரு பெட்டி நிறையச் செய்து லொறிக்காரரிடம் கொடுத்தேன். வெறுங்கையோடா அனுப்புவது?

ஹெட்விக் அக்கா அன்று வரவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

இரண்டு கிழமை கழித்து, மணியைக் கிராமத்துக் கோபுரத்தில் ஏற்றும் விழாவுக்கு முதல்நாள் நானும் சேவியரும் காரில் புறப்பட்டோம். விடிந்தும் விடியாத நேரம். எங்கள் வாசலில் ஒரு சின்னச் சூட்கேசோடு அக்கா நின்றார்.

"என்ன பார்க்கிறியள்? சேவியருக்கு வழி தெரியாது," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்றார் சேவியர்.

"நடந்து வந்த வழி. காருக்குத் தெரியாட்டில் எனக்குத் தெரியும்."

வழி முழுக்க நித்திரை கொண்டார்.

ஒரே ஒரு கேள்வி

கிராமத்துக் கோயில் சின்னது. மஞ்சள் சுவர், புதிதாக ஓடு போட்டிருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் மதில் ஓரம் வரிசையாகப் பழைய கல்லறைக் கற்கள் நிமிர்த்தி நாட்டியிருந்தன. டொச் எழுத்துகள். பற்றைப் புதர்களுக்குள் உடைந்து கிடந்தவற்றை, மணி வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ஊர்ச் சனம் தாங்களாகவே எடுத்துக் கழுவி நாட்டினார்களாம். யாரும் கேட்கவில்லை. அக்கா ஒவ்வொரு கல்லாக நின்று வாசித்தார். இரண்டு கற்களில் தெரிந்த பெயர்கள் இருந்தன. சேவியர் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்தார், மழை நின்ற பிறகும்.

மணி ஏற்கனவே மேலே ஏறியிருந்தது. அதன் கழுத்தில் என் மாலை வாடினபடியே தொங்கியது. அதோடு பக்கத்தில் புதிதாக ஒரு மாலை! இவர்கள் அதை ஜெர்மன் வழக்கம் என்று நினைத்து, தாங்களும் ஒன்று கட்டிப் போட்டுவிட்டார்கள். அங்கத்தைய குருவானவர் ரைன்ஹோல்டிடம் தனக்குத் தெரிந்த டொச்சில் கேட்டார்: "இது உங்கட நாட்டு வழக்கமோ?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர் இப்போது என்ன சொல்லப் போகிறார்?

"எங்கட கோயில் வழக்கம்," என்றார் ரைன்ஹோல்ட், என்னைப் பார்த்துக்கொண்டே.

எங்கட கோயில். இந்த நாட்டில் எத்தனையோ கடுதாசிகளில் என் பெயரை எழுதியிருக்கிறார்கள். ஒன்றிலும் எனக்கு இவ்வளவு சந்தோசம் வரவில்லை. இன்றைக்கும் வருடா வருடம் அந்த மணிக்கு அங்கே மாலை போடுகிறார்கள். படம் அனுப்புவார்கள். யார் கேட்டாலும் டோர்ட்மண்ட் வழக்கம் என்பார்களாம்.

பூசைக்கு முன் குருவானவர் ஹெட்விக் அக்காவிடம் வந்தார். கொஞ்சம் டொச் கதைப்பார். அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னார்:

"அம்மா, உங்கட நேரம் வரேக்க எங்களுக்கு ஒரு ஃபோன் எடுக்கச் சொல்லுங்கோ. எந்த நேரமெண்டாலும் இஞ்ச மணி அடிப்பம். ஊர்ச் சனம் எல்லாரும் நிப்பினம். உங்கட தம்பி கேட்டவர்."

அக்கா கையை இழுத்துக்கொண்டார். "ஆர் கேட்டது?"

"உங்கட தம்பி. எல்லாக் கையெழுத்தும் முடிஞ்சு மணி இஞ்ச வந்து சேர்ந்த பிறகு என்னட்ட வந்தவர். தனக்கு ஒரு உதவி வேணும் எண்டு கேட்டவர். வேற ஒண்டும் கேக்கேல்லை."

"அவனோ? கேட்டவனோ?" என்றார் அக்கா. "எழுபது வருசத்தில அவன் ஆரிட்டயும் ஒண்டும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில பசிச்சாலும் கேக்கமாட்டான்."

ரைன்ஹோல்ட் சற்றுத் தள்ளி நின்று கோபுரத்தைப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். அமைச்சர்களின் முன்னால் இம்மியும் அசையாத மனிதர், பிடிபட்ட பெடியன் மாதிரி காது சிவக்க நின்றார். அக்கா அவரிடம் போகவில்லை. அழவுமில்லை. கைப்பையைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

அந்த நேரம் பன்னிரண்டு அடித்தது.

அந்த முற்றத்தில் நின்ற ஊர்ச் சனத்தில் ஒருவரும் அந்த மணியை அந்தக் கோபுரத்திலிருந்து முன்பு கேட்டதில்லை. கிழவர்களும் குழந்தைகளும் ஒன்றுபோல் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்தான். ஆனால் அங்கே, மலைச்சரிவுக்குள் போய்த் திரும்பி வந்தபோது, நான் அதுவரை அதைச் சரியாகக் கேட்டதே இல்லை என்று தோன்றியது.

அக்கா மட்டும் நிமிரவில்லை. நேரே தம்பியிடம் நடந்தார். முன்னால் நின்று, எனக்குப் புரியாத ஊர்ப் பேச்சில், அதட்டலாக ஏதோ சொன்னார்.

ரைன்ஹோல்ட் ஒரு கணம் விழித்தார். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். கல்லறைப் பூக்களுக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயடிக்குப் போய், சட்டைக் கையை மடித்துவிட்டு, குனிந்து கை கழுவத் தொடங்கினார். விழாவுக்கு வந்திருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன சொன்னவ?" என்று குழாயடிக்குப் போய்க் கேட்டேன்.

"மணி அடிச்சிட்டுது, கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வா எண்டு," என்றார். "சின்னனில இந்த மணி அடிச்சால் நான் எந்தப் பற்றைக்குள்ள நிண்டாலும் தேடி வந்து இப்பிடித்தான் சொல்லுவா."

ஈரக் கையோடு திரும்பி வந்து அக்காவின் முன்னால் இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார். அக்கா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, நன்றாகப் பார்த்தார்.

"மற்றப் பக்கம்," என்றார்.

அவர் திருப்பிக் காட்டினார்.